வாசகர் கேள்வி – பதில்: தெற்கே கருவாடு, வடக்கே கரும்புப்பாகு

கேள்வி: பழவேற்காட்டுக் கைக்குட்டைகள் கரீபியத் தீவுகள் வரை விற்பனையாயின என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்படியென்றால், வட அமெரிக்காவுக்கும் அத்தீவுகளுக்கும் இடையே அந்நாளில் ஓடிய வணிகக் கப்பல்களில் துணிதான் முக்கியச் சரக்கா?
– வாசகர், சூளூர்ப்பேட்டை

பதில்: பெரியவர்கள் சொல்வது சரியே. மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் பெண்களின் திருவிழா உடையில் கட்டம் போட்ட மதராஸ் துணியை இன்றும் காணலாம். ஆனால் அத்துணி பெரும்பாலும் லண்டன் போன்ற ஐரோப்பியத் துறைமுகங்களின் வழியாகச் சென்றது. நீங்கள் கேட்கும் கப்பல்களுக்கு அது முக்கியச் சரக்கு அல்ல.

18ஆம் நூற்றாண்டில் பாஸ்டன், நியூபோர்ட், நியூ லண்டன், பிலடெல்பியா ஆகிய துறைமுகங்களிலிருந்து தெற்கே சென்றவை உப்பிட்டு உலர்த்திய காட் மீன், கோதுமை மாவு, உப்புக்கண்டம், மரப்பலகை, குதிரை ஆகியவையே. பார்படோஸ், ஜமைக்கா, ஆன்டிகுவா போன்ற தீவுகளின் தோட்ட முதலாளிகள் கரும்பு நடாத நிலத்தை நட்டமாகக் கருதியதால், சோற்றுக்கும் விறகுக்கும்கூடக் கடல்கடந்த ஊர்களை நம்பியிருந்தார்கள். சர்க்கரை அடைக்கும் பீப்பாய்க்கான பலகைகள் கட்டுக் கட்டாகப் போய், அங்கே பீப்பாயாகி, நிறைந்து திரும்பின. கனெக்டிகட் குதிரைகள் மேல்தளத்தில் கட்டப்பட்டுச் சென்று கரும்பாலைச் செக்கை இழுத்தன. கருவாட்டில் முதல் தரம் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போக, வேறெங்கும் விலைபோகாத கடைத்தரம் தீவுகளின் அடிமைகளுக்கு உணவாயிற்று. இந்த வணிகத்தின் இயல்பை வேறெதையும்விட அந்தத் தரப்பிரிவே தெளிவாகக் காட்டுகிறது.

திரும்பும்போது வந்த தலையாய சரக்கு மொலாசஸ், அதாவது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு. பிரான்ஸ் தன் பிராந்தித் தொழிலைக் காக்க ரம் இறக்குமதியைத் தடுத்து வந்ததால், பிரெஞ்சுத் தீவுகளில் மொலாசஸ் மலிவாகக் கிடைத்தது. நியூ இங்கிலாந்து எனப்படும் அமெரிக்க வடகிழக்கின் வடிசாலைகள் அதை ரம்மாக்கின. அந்த ரம்மில் ஒரு பகுதி நியூபோர்ட்டிலிருந்து ஆப்பிரிக்கா சென்று மனிதர்களை விலைக்கு வாங்கியது. அயல்நாட்டுத் தீவுகளின் மொலாசஸுக்கு 1733இல் பிரிட்டன் ஒரு கேலனுக்கு 6 பென்ஸ் வரி விதித்தபோது, வணிகர்கள் வரியைக் கட்டுவதைவிடக் கடத்துவதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். 1764இல் வரி 3 பென்ஸாகக் குறைந்தும் எதிர்ப்பு வலுத்ததற்குக் காரணம், இம்முறை அதை வசூலித்தே தீர்வது என்று அரசு முனைந்ததுதான்.

கேள்வி: திரும்பி வரச் சரக்குக் கிடைக்காவிட்டால் வெறும் கப்பலாக வந்தார்களா?
– வாசகர், நகரி

பதில்: வெறும் கப்பல் கடலில் நிலைகொள்ளாது. டர்க்ஸ் தீவுகளின் உப்பளங்களில் உப்பை ஏற்றி வருவார்கள். அது அடிப்பாரமாகவும் இருந்தது, அடுத்த பருவத்து மீனைப் பதப்படுத்தவும் உதவியது.

கேள்வி: அக்கப்பல்களில் பயணிகளும் சென்றார்களா?
– வாசகர், தடா

பதில்: சென்றார்கள், ஆனால் அவர்களுக்கென்று தனிக் கப்பல் இல்லை. பெரும்பாலும் சிறு பாய்மரக் கப்பல்களான இவற்றில், சரக்குக்குப் போக மிஞ்சிய இடமே பயணிக்கு. ஜார்ஜ் வாஷிங்டன் 1751இல், தம் 19ஆம் வயதில், நுரையீரல் நோயுற்ற அண்ணன் லாரன்ஸுக்குத் துணையாகப் பார்படோஸ் சென்று, அங்கே பெரியம்மை கண்டு பிழைத்தார். செயின்ட் குரோய் தீவில் நியூயார்க்குடன் தொடர்புள்ள வணிக நிறுவனமொன்றில் எழுத்தராக இருந்து, பின்னாளில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரான அலெக்சாண்டர் ஹாமில்டன், 1772 புயலைப் பற்றி எழுதிய கடிதத்தால் பெயர் பெற்று, ஊரார் திரட்டித் தந்த பணத்தில் படிப்பதற்காக வடக்கே கப்பலேறினார்.

ஆனால் பயணி என்று எழுதப்படாமல் சென்றவர்களையும் சேர்த்துத்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். 1766 ஜூலையில் அதே வாஷிங்டன், தம்மிடமிருந்து தப்பியோடிப் பிடிபட்ட டாம் என்ற அடிமையை ஒரு கப்பல் தலைவரிடம் ஒப்படைத்து, தீவுகளில் விற்று, அந்தப் பணத்தில் மொலாசஸ், ரம், எலுமிச்சை, இனிப்புகள், 10 பவுண்டு எடையளவில் ஒரு ஜாடி புளி முதலியவற்றை வாங்கி வருமாறும், கப்பல் கடலுக்குள் செல்லும்வரை அவரைக் கைவிலங்கோடு வைத்திருக்குமாறும் கடிதம் எழுதினார். சித்தூர்ப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கைமாறும் புளியை அறிந்த நமக்கு அந்தப் பட்டியல் எளிதில் செரிக்காது.

அதே மாதம் மான்ட்செராட் தீவில் ஒலாடா ஈக்வியானோ என்ற அடிமை 40 பவுண்டு பணம் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கினார். எஜமானரின் கப்பலில் தீவுகளுக்கும் ஜார்ஜியா, பிலடெல்பியா ஆகிய இடங்களுக்கும் மாலுமியாகச் சென்றுவந்த அவர், 3 பென்ஸ் முதலில் ஒரு கண்ணாடிக் குவளை வாங்கி, அதை வேறு தீவில் இருமடங்கு விலைக்கு விற்றுத் தம் சிறு வணிகத்தைத் தொடங்கியவர். டாமைச் சரக்காக்கிய வணிகத்திலேயே அவர் தம் விலையைச் சம்பாதித்தார் என்பதால் அந்த வணிகம் நல்லதாகிவிடாது; சட்டப்படி அவரும் அதுவரை ஒரு சொத்துதான்.

பயணிகள் பெருந்திரளாக வந்தது 1793இல். இன்று ஹைட்டி எனப்படும் செயின்ட் டொமிங்கோவில் அடிமைகளின் புரட்சிக்கிடையே காப் பிரான்சே நகரம் எரிந்தபோது, ஆயிரக்கணக்கானோர் கிடைத்த சரக்குக் கப்பல்களில் ஏறி நார்போக், பால்டிமோர், பிலடெல்பியா துறைமுகங்களை அடைந்தார்கள். அவ்வாண்டு பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சலால் ஏறத்தாழ 5,000 பேர் மாண்டார்கள். கொசுவே அதைப் பரப்புகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஆயினும் கப்பல்களின் மீது சந்தேகம் விழுந்தது. அந்நகரத்தின் டெலவேர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1799இல் ஒரு தொற்றுத்தடுப்பு நிலையம் கட்டத் தொடங்கினார்கள். பின்னர் சரக்கும் பயணியும் அங்கே சோதிக்கப்பட்ட பிறகே நகரத்துக்குள் வர முடிந்தது.