வேனில் சங்கு வாடை: அரிச்சல்முனைச் சங்குகள் பற்றி

தனுஷ்கோடிக் கடைசியிலுள்ள அரிச்சல்முனையில் பொறுக்கிய சங்குகளின் வாடையால் கேம்பர் வேனுக்குள் நிற்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்சுருளில் ஒட்டியிருக்கும் சதை, மூடிய வண்டியின் சூட்டில் அழுகிவிடும். ராத்திரி முழுக்க பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். வினிகர் மட்டும் வேண்டாம், சங்கையே அரித்துவிடும்.

இனி எடுக்கும்போது உள்ளங்கையில் வாய்ப்பக்கம் கீழாக வைத்துச் சற்று அசையாமல் இருங்கள். மெல்லக் கால் நீண்டால் உள்ளே நண்டு குடியிருக்கிறது, அங்கேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம், துளைதுளையாக இருக்கிறது என்றீர்களே, அந்த வெள்ளைக் கல் உண்மையில் பவளம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையாகப் பாதுகாக்கப்படும் உயிரினங்களின் பட்டியலில் இருப்பது. செத்துக் கரை ஒதுங்கியதானாலும் வைத்திருந்தால் வம்புதான். ஊருக்குக் கொண்டுபோகாமல் மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் விவரம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

ஞாபகத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால் சாயல்குடிப் பக்கம் பனை ஓலைக் கொட்டான் வாங்குங்கள். கனமில்லை, குலுங்கினாலும் உடையாது. கழுவிய சங்குகளைத் துண்டில் சுற்றி அதிலேயே போட்டுவிடலாம். கருப்பட்டியும் வாங்கினால் இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள், கடற்காற்றில் கசிந்துவிடும்.