சிற்றுயிர் கேள்வி-பதில்: கவட்டை வாலும் நாலாவது கண்டமும்

கேள்வி: தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் மண்ணிலிருந்து சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ துள்ளுகிறது. ஸ்பிரிங்டெயில் (வயிற்றடியில் மடங்கியிருக்கும் கவட்டை வாலை உதறித் துள்ளும் ஆறுகால் சிற்றுயிர்) என்று கண்டுபிடித்துவிட்டேன். பேரினம்தான் தெரியவில்லை. நிறத்தை வைத்து எண்டோமோப்ரியா என்று நினைக்கிறேன். நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறேன். சரிதானா?

பதில்: முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். இப்போதுதான் தோல் உரித்தது வெளிறிக் கிடக்கும். ஆல்கஹாலில் போட்டு வைத்தால் சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும். நிறத்தைக் கடைசியில்தான் கேட்க வேண்டும், அதுவும் பேரினத்துக்கு அல்ல, இனத்துக்கு.

உடம்பின் வாகைப் பாருங்கள். குண்டுமணி போல உருண்டு, கண்டங்களெல்லாம் (அதாவது உடம்பின் வளையத் துண்டுகள்) ஒன்றாகச் சேர்ந்திருந்தால் சிம்ஃபிப்ளியோனா வரிசை. உருண்டையாக இருந்தும் கண்ணே இல்லாமல், உணர்கொம்பு தலையைவிடக் குட்டையாக இருந்தால் நீலிப்ளியோனா. அது ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது, உங்கள் கேமராவில் சிக்கியிருக்காது. உங்களுடையது நீளவாகு. அடுத்ததாகத் தலைக்குப் பின்னால் உள்ள முதல் மார்புக் கண்டம் மேலிருந்து பார்த்தால் மயிரோடு தெரிகிறதா? தெரிந்தால் போடுரோமார்ஃபா. உங்கள் படத்தில் தெரியவில்லை, அதனால் எண்டோமோப்ரியோமார்ஃபா. இதுவரை வெறும் பூதக்கண்ணாடியே போதும்.

இனிமேல்தான் சுவாரசியம். வயிற்றில் மொத்தம் 6 கண்டங்கள். மூன்றாவதையும் நான்காவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் பெரும்பாலும் ஐசோடோமிடே குடும்பம். உங்களுடையதில் நான்காவது, மூன்றாவதைப் போல மூன்று நான்கு மடங்கு நீளம். எனவே எண்டோமோப்ரிடே. குடும்பம் வரைக்கும் உங்கள் யூகம் சரி. ஆனால் பேரினம் அதுவல்ல.

காரணம் செதில். இரண்டாவது படத்தில் பக்கவாட்டு வெளிச்சம் பட்ட இடத்தில் முதுகு வெள்ளி போல மினுங்குகிறது, பார்த்தீர்களா? எண்டோமோப்ரியாவுக்குச் செதில் கிடையாது, மயிர் மட்டும்தான். இதில் நான் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மரப்பட்டைக்கு அடியிலிருந்து ஈரத் தூரிகையால் ஒன்றைத் தொட்டெடுத்து, குப்பியில் போட்டு, பையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே வீடு வந்தேன். நுண்ணோக்கியில் பார்த்தால் செதில் ஒன்றுகூட இல்லை. எண்டோமோப்ரியா என்று துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டியும் விட்டேன். குப்பியைக் கடன் வாங்கிய நண்பர், அடியில் மாவு போலப் படிந்திருந்ததை ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் காட்டினார். அத்தனையும் செதில். அது வில்லோசியா. செதில் உதிர்ந்துவிட்டால் இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. வாலின் நுனிகூட உதவாது, இரண்டிலும் இரண்டு பற்கள்தான். அன்றிலிருந்து உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிட்டுத்தான் குப்பியில் போடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சரி, உங்களுடையதுக்கு வருவோம். மூன்றாவது படத்தில், பக்கவாட்டில், இரண்டாம் மார்புக் கண்டம் தலைக்கு மேல் தொப்பி விளிம்பு போல முன்னுக்கு வந்து கூன் போட்டிருக்கிறது. செதில், கூன் இரண்டும் சேர்ந்தால் லெபிடோசிர்ட்டஸ். அந்தக் கிரேக்கப் பெயரே அந்த இரண்டையும்தான் சொல்கிறது. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: சூடோசினெல்லா. அதுவும் செதிலோடு இருக்கும். கண்ணை எண்ணினால் தீர்ந்தது. லெபிடோசிர்ட்டஸுக்குப் பக்கத்துக்கு 8 சிறு கண்கள். சூடோசினெல்லாவுக்கு 6 அல்லது அதற்கும் குறைவு, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. உங்கள் படத்தில் கண் இருக்கும் இடம் ஒரே கறுப்புத் திட்டாகத்தான் தெரிகிறது. திட்டு பெரியது என்பதால் லெபிடோசிர்ட்டஸ் பக்கம் சாய்கிறேன். உறுதி வேண்டுமானால் ஒன்றை லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்துத் தெளிவாக்கி, நுண்ணோக்கிக்கு அடியில் எண்ணுங்கள்.

அப்புறம், வாலைப் பற்றி ஒரு வார்த்தை. துள்ள வைக்கும் அந்தக் கவட்டைக்கு மூன்று பகுதி உண்டு: அடியில் மனுப்ரியம், கிளைகள் டென்ஸ், நுனியில் கொக்கி போல மியூக்ரோ. செதில் உள்ள இன்னொன்றான செய்ராவில் மியூக்ரோ ஒற்றைப் பல்லோடு அரிவாள் போல வளைந்திருக்கும். இதைப் படத்தில் பார்க்கவே முடியாது. படத்தை மட்டும் வைத்துச் செய்ரா என்று அடித்துச் சொல்பவரிடம் மியூக்ரோவை எப்படிப் பார்த்தார் என்று கேளுங்கள்.

கேள்வி: கண்ணாடித் தொட்டிக்காக வாங்கிய வெள்ளை ஸ்பிரிங்டெயில் ஃபோல்சோமியா கேண்டிடா என்றார்கள். வெள்ளையாக இருந்தால் எல்லாமே அதுதானா?

பதில்: இல்லை. மண்ணுக்குள் வாழும் பல பேரினங்கள் வெள்ளைதான். தூரிகை நுனியால் பின்புறம் மெல்லத் தட்டிப் பாருங்கள். துள்ளாமல் சாவகாசமாக நடந்தால் ஓனிக்கியூரிடே குடும்பமாக இருக்கலாம். அதில் பெரும்பாலானவற்றுக்குக் கவட்டை குட்டையாகிப் போயிருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. தோலில் பொய்க்கண் எனப்படும் சிறு துளைகள் இருக்கும், சீண்டினால் அவற்றின் வழியே திரவம் கசியவிடும். துள்ளினால், வயிற்றின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். ஃபோல்சோமியாவில் கடைசி மூன்று கண்டங்களும் ஒட்டி ஒரே மூடியாகிவிட்டிருக்கும். கேண்டிடா என்றால் கண் கிடையாது. உணர்கொம்பு நீண்டு, மயிர் அடர்ந்து, சுறுசுறுப்பாக ஓடினால் சைனெல்லாவா என்று பாருங்கள். அதையும் நிறையப் பேர் வளர்க்கிறார்கள்.

கேள்வி: இவை கடிக்குமா?

பதில்: கடிக்காது.

கேள்வி: கொலம்போலாவுக்கு (ஸ்பிரிங்டெயில்களின் அறிவியல் பெயர்) உணர்கொம்பில் 4 கணுக்கள் என்று படித்தேன். நான் பிடித்ததில் 6 இருக்கிறது. நான் தப்பாக எண்ணுகிறேனா?

பதில்: சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். ஓர்கெசெல்லா பேரினத்தில் முதல் இரண்டு கணுக்களும் இரண்டிரண்டாகப் பிரிந்து 6 ஆகிவிடும். 5 இருந்தால் ஹெட்டரோமூரஸைச் சந்தேகிக்கலாம். மூன்றாவது கணு மட்டும் அநியாயத்துக்கு நீண்டு, வளையம் வளையமாகத் தெரிந்தால் டொமோசீரஸ் பக்கம் போங்கள். ஆனால் ஒன்று: உணர்கொம்பு ஒடிந்து மறுபடி வளரும்போது கணு குறைந்து வளர்வதுண்டு. ஒரு பக்கம் மட்டும் எண்ணிவிட்டு எழுதியிருந்தால், மறுபக்கத்தையும் எண்ணிவிட்டு அடுத்த கடிதம் போடுங்கள்.