மைன்கிராஃப்டில் வட்டக் கோபுரமும் குவிமாடமும்: வளைவு அமைவது எப்படி?

கேள்வி: கனசதுரக் கட்டைகளை (பிளாக்) அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டின் கிரியேட்டிவ் முறையில் (பிளாக்குகள் வரம்பின்றிக் கிடைக்கும் முறை) 11 பிளாக் விட்டத்தில் வட்டக் கோபுரம் ஒன்றைக் கட்டினேன். அது மூலை வெட்டிய சதுரம் போலத் தெரிகிறது. மேலே வைத்த குவிமாடமும் கூம்பாகிவிடுகிறது. எங்கே பிழை?

பதில்: இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான். வரிசைக்கு ஒரு பிளாக் என்று சீராக உள்வாங்கிக்கொண்டே போனால் கிடைப்பது சாய்கோடு. அது தரையில் வெட்டுப்பட்ட மூலையாகவும் உயரத்தில் கூம்பாகவும் காட்சியளிக்கும். கண் அதை வளைவு என்று ஏற்க வேண்டுமானால், நேராக ஓடும் துண்டுகள் மூலைவிட்டத்தை நெருங்க நெருங்கக் குறுகி, அதைக் கடந்தபின் அதே கணக்கில் மீண்டும் நீள வேண்டும்.

உங்கள் 11 பிளாக் வட்டத்தில் அதற்கு இடமே இல்லை. ஒரு பக்கத்தின் 5 பிளாக்குகளுக்கும் அடுத்த பக்கத்தின் 5 பிளாக்குகளுக்கும் நடுவே இரண்டே ஒற்றைப் பிளாக்குகள்தாம் அமையும். எவ்வளவு கவனமாக அடுக்கினாலும் அது எண்கோணமாகவே தோன்றும். விட்டத்தை 15 ஆக்குங்கள். அப்போது கால் வட்டத்தின் நேர்த்துண்டுகள் 5, 2, 1, 2, 5 என்ற வரிசையில் அமைகின்றன (இரு முனைகளிலும் உள்ள 5, பக்கத்துக் கால் வட்டத்துக்கும் பொது). கட்டத்தாளில் ஒரு கால் பகுதியை மட்டும் வரைந்துகொண்டு, நான்கு திசைகளிலும் திருப்பி வைத்தால் போதும். தரை வட்டம் சரியாக அமைந்தபின், கட்டளைகள் அனுமதிக்கப்பட்ட உலகில், ஒரு பகுதியை நகலெடுக்கும் குளோன் கட்டளையைக் கொண்டு அதை அப்படியே மேலே அடுக்கலாம்.

குவிமாடத்துக்குப் புதிய கணக்கு தேவையில்லை என்பதுதான் இதிலுள்ள அழகு. அந்த வட்டத்தை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வரிசை வரிசையாக அளந்தால் வரும் அகலங்களே குவிமாட அடுக்குகளின் விட்டங்கள்: கீழிருந்து மேலாக 15, 15, 15, 13, 13, 11, 9, 5. முதல் மூன்று அடுக்குகள் ஏறத்தாழச் செங்குத்தாக எழுந்து, கடைசி இரண்டு அடுக்குகள் சட்டென்று உள்வாங்குவதைக் கவனியுங்கள். பெரும்பாலோர் தொடக்கத்திலேயே அவசரமாக உள்வாங்குவதால்தான் கூம்பு உருவாகிறது. 15 என்ற விட்டம் மூன்றாம் முறை வரும்போது, நான்கு பக்கங்களின் நேர்த்துண்டையும் 5இலிருந்து 3 ஆகக் குறைத்து, எடுத்த பிளாக்குகளை ஓரிடம் உள்ளே தள்ளி வைத்தால், உருளையின் சாயல் மறையும். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்து, வானம் தெரியும் இடங்களை உட்பக்கமாக அடைத்துவிடுங்கள்.

பொருளைப் பொறுத்தவரை, செங்கல் போன்ற கோடு விழும் பிளாக்குகள் ஒவ்வொரு படியையும் காட்டிக்கொடுக்கும். கான்கிரீட், மென்மையான குவார்ட்ஸ் ஆகியவை அதை மறைக்கும். மணலையும் கான்கிரீட் தூளையும் தவிர்த்துவிடுங்கள். தாங்கல் இல்லாத இடத்தில் அவை விழுந்துவிடும். படிக்கட்டு பிளாக்குகளால் விளிம்புகளை மழுக்கும் பழக்கம் பரவலாக இருந்தாலும், செங்குத்தான கீழ்ப்பகுதியில் அவை பற்கள் போலத் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதே என் கருத்து. உச்சியில் அரை உயர ஸ்லாப்கள் சிலவற்றைப் பரப்பினால் போதுமானது.

அடித்தளத்தின் விட்டம் ஒற்றைப்படை என்றால் குவிமாடத்தின் விட்டமும் ஒற்றைப்படையாகவே இருக்க வேண்டும்; ஒற்றைப்படை வட்டத்தின் மையம் ஒரு பிளாக், இரட்டைப்படை வட்டத்தின் மையம் நான்கு பிளாக்குகள் என்பதால் இரண்டும் ஒருபோதும் நேராகப் பொருந்தா. வாசலில் இரட்டைக் கதவு வைக்கும் எண்ணம் இருந்தால், தொடக்கத்திலேயே 16 பிளாக் விட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.