எந்தக் குலசேகரன் என்று பார்த்துக் கேளுங்கள்

ஹட்டனில் இரண்டு நாளாக மழை விடவில்லை. ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியாரான என்னைப் பிடித்துக் கேள்வி கேட்க நல்ல நேரம், உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக் கேளுங்கள். இன்று மாறவர்மன் குலசேகர பாண்டியன். 1268இல் பட்டத்துக்கு வந்து சுமார் 40 ஆண்டு ஆண்டவர். பாண்டியரில் குலசேகரன்கள் பலர், சிங்கள அரசரில் பராக்கிரமபாகுக்களும் பலர். பார்த்துக் கேளுங்கள்.

பதுளை: சேர், புத்தரின் புனிதப் பல்லை மதுரைக்குக் கொண்டுபோனது இவரா?

இவருடைய தளபதி ஆரியச்சக்கரவர்த்தி. தலைநகர் யாப்பகூவவில் சிங்கள அரசர் முதலாம் புவனேகபாகு (1272–1284) இறந்தபின் நாட்டில் பஞ்சம். அந்த நேரம் பார்த்துப் படை வந்தது. கோட்டைக்குள் புகுந்து, பல்லை எடுத்துப்போய்க் குலசேகரனிடம் கொடுத்தது. இதைச் சொல்வது சூளவம்சம், இலங்கை அரசரின் பழைய வரலாற்று நூல். கொள்ளையடித்த படையைத் திட்டுகிற அதே நூல், அதை வாங்கிவைத்த குலசேகரனை அரசகுலத் தாமரைக்குச் சூரியன் என்கிறது! எழுதினவர் பிக்கு. நான் எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

பிறகு மூன்றாம் பராக்கிரமபாகு (1287–1293) வந்தார். சண்டையால் ஆகாது என்று தெரிந்து, சில வீரரோடு தானே பாண்டிய நாட்டுக்குப் போனார். நாள்தோறும் அரசனோடு பேசிப் பழகி, அவன் கையாலேயே பல்லைத் திரும்ப வாங்கிவந்து பொலனறுவையில் வைத்தார். என்ன பேசினார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை, அதுதான் வருத்தம். இன்று கண்டி தலதா மாளிகையில் இருப்பது அந்தப் பல்தான் என்பது மரபு.

மாத்தளை: பராக்கிரமபாகுவின் படை மதுரைக்கே போய்க் குலசேகரனோடு மோதியதே, அதற்குப் பழிவாங்கலா?

இதைத்தான் முதலிலேயே சொன்னேன். அது முதலாம் பராக்கிரமபாகு, 12ஆம் நூற்றாண்டு. அந்தக் குலசேகரன் வேறு ஆள். இடையில் 100 ஆண்டுக்கு மேல்.

பொகவந்தலாவை: தோட்டத்தில் இருக்கிற நாங்கள் அந்தப் பாண்டியப் படையின் வம்சமா?

இல்லை. நம்மவர்கள் 1820களிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து. படைக்கும் அதற்கும் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. நடந்து வந்ததில் என்ன குறைச்சல்?

நுவரெலியா: ஐயா, நான் பந்தயத் திடல் பக்கம் குதிரைச் சவாரி விடுகிறவன். பாண்டியன் அரபுக் குதிரை வாங்கியே பணத்தைக் கரைத்தானாமே?

வாங்க தம்பி. தாமிரபரணிக் கரையில் காயல் துறை, அங்கே ஹோர்முஸ், கீஷ், ஏடன் கப்பல்கள். பாரசீகத்து வரலாற்றாசிரியர் வாசாப் எழுதியதன்படி குதிரை ஒன்றுக்கு 220 தினார். கடலில் செத்துப்போனாலும் அரசு காசு தரவேண்டும். வருடத்துக்கு 10,000 குதிரையும் மதுரைக்கே வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள், தவறு. அந்தக் கணக்கு குஜராத்தின் காம்பே முதலான மற்றத் துறைகளையும் சேர்த்தது.

வந்த குதிரைகள் நிலைக்கவில்லை. 2,000க்கு மேல் வாங்கினால் வருடக் கடைசியில் 100 மிஞ்சாது என்கிறார் மார்க்கோ போலோ. இறைச்சியும் சோறும் கலந்து வேகவைத்துப் போட்டார்களாம். வாசாப் கணக்கில் வறுத்த பார்லி, வெண்ணெயில் பக்குவம் செய்த தானியம், காய்ச்சிய பசும்பால். நான் பிள்ளைகளுக்குச் சொன்னது: தீனிதான் கொன்றது.

அதே நுவரெலியா: சோறு போட்டால் வயிறு உப்பும், உண்மைதான். குதிரைக்கு வாந்தியும் வராது, போனது போனதுதான். ஆனால் அத்தனையும் தீனியால் சாகாது ஐயா. குளம்பைப் பார்க்க ஆள் இருந்ததா? எட்டு வாரம் வெட்டாமல் விட்டுப் பாருங்கள்.

அட! போலோவே சொல்கிறார்: லாடக்காரர்களை வணிகர்கள் கூட்டிவருவதில்லை, வரவும் விடுவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த வியாபாரம். அதை நான் வியாபாரிகளைப் பற்றின வாய்ப்பேச்சு என்று 30 வருடமாகத் தள்ளிவிட்டேன்.

தலவாக்கலை: வெக்கைதான் காரணம் சேர். நுவரெலியாக் குளிரில் குதிரை நன்றாகத்தானே இருக்கிறது?

நுவரெலியா: அரபு நாட்டில் பனியா பெய்கிறது அண்ணே?

தம்பி பக்கம்தான் நான். ஆனால் தலவாக்கலையையும் முழுக்கத் தள்ள முடியாது. அந்த நாட்டுச் சீதோஷ்ணத்தில் நல்ல குட்டி பிறப்பதில்லை என்று போலோவும் எழுதியிருக்கிறார். காய்ந்த வெக்கை வேறு, காயல் கரையின் புழுக்கம் வேறு. தம்பி, கால் வளைந்த குட்டி பார்த்திருக்கிறீர்களா?

நுவரெலியா: தாய்க்குத் தீனி சரியில்லை என்றால் அப்படிப் பிறக்கும்.

திரும்பத் தீனிக்கே வந்துவிட்டோம்.

கண்டி: அரசர் எப்படி இறந்தார்? மற்றது, எங்கள் பரம்பரை அவர் படையோடு...

மகன் சுந்தர பாண்டியன் கொன்றான் என்கிறார் வாசாப். இன்னொரு மகன் வீர பாண்டியனுக்குப் பட்டம் போகிறது என்ற ஆத்திரம். அண்ணன் தம்பி அடித்துக்கொண்டிருக்க, 1311இல் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் வந்து நின்றான். பரம்பரைக்கு, பொகவந்தலாவைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

பண்டாரவளை: சோழரை முடித்தது இவரா?

ஆம், 1279. கடைசிச் சோழர் மூன்றாம் இராஜேந்திரன்.

இறக்குவானை: சேர், நாங்கள் பாண்டியர் படை வம்சம்தானே?

பொகவந்தலாவை. நுவரெலியாத் தம்பி, மழை விட்டதும் வருகிறேன், குளம்பு வெட்டுகிற நாளைச் சொல்லிவையுங்கள்.