அமெரிக்காவில் விவசாயிகளே பணம் போட்டு தங்கள் பயிருக்கு விளம்பரமும் ஆராய்ச்சியும் செய்துகொள்கிறார்களாமே, அது எப்படி நடக்கிறது?

எனக்குத் தெரிந்த பயிரை வைத்துச் சொல்கிறேன். நிலக்கடலை. எங்கள் விருத்தாசலம் பக்கத்தில் மல்லாட்டை. அப்பா இன்றைக்கும் மூன்று ஏக்கர் போடுகிறார். நான் வேளாண்மை படித்துவிட்டு, ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்கிற சின்ன ஊரில் சில வருடம் கடலை ஆராய்ச்சியில் இருந்தேன். என் சம்பளத்தில் ஒரு பங்கு அந்தப் பக்கத்து விவசாயிகள் கொடுத்த காசு என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

முறை எளிது. விவசாயி கடலையைக் கொள்முதல் நிலையத்தில் இறக்குகிறார். எடை, ஈரம், பருப்பின் தரம் எல்லாம் பார்த்து சீட்டுப் போடுகிறார்கள். வாங்குபவர் பணம் கொடுக்கும்போதே ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு, விவசாயிகளே உறுப்பினராக இருக்கும் வாரியத்துக்கு அனுப்பிவிடுவார். கடலைக்கு இப்படி இரண்டு பிடித்தம் உண்டு: ஒன்று 1961 முதல் இருக்கும் ஜார்ஜியா மாநில வாரியத்துக்கு, இன்னொன்று 2000-ல் வந்த தேசிய வாரியத்துக்கு. தேசியப் பிடித்தம் முதலில் விற்ற மதிப்பில் 1 சதவீதமாக இருந்தது, பிறகு டன் கணக்குக்கு மாறியது. இந்த மாதிரிப் பிடித்தத்தை 'செக்ஆஃப்' என்பார்கள். சோயாவுக்கு விற்ற விலையில் 0.5 சதவீதம், மாட்டுக்குத் தலைக்கு 1 டாலர். அந்தப் பணத்தில் அரசியல் ஆதரவு திரட்டக் கூடாது, விவசாயத் துறை மேற்பார்வை பார்க்கும்.

ஏன் கட்டாயம்? நம் ஊர்த் திருவிழாவின் தலைக்கட்டு வரி மாதிரிதான், ஆனால் ஒரு வித்தியாசம். வரி கொடுக்காதவன் வீட்டு வாசலில் சாமியை நிறுத்தாமல் தூக்கிப் போய்விடலாம். 'கடலை சாப்பிடுங்கள்' என்ற விளம்பரத்தால் விலை ஏறினால், காசு கொடுக்காதவன் மூட்டைக்கும் சேர்த்துத்தான் ஏறும். புது ரக விதையும் அப்படியே. விருப்பத்துக்கு விட்டால் கொடுக்கிறவன் ஏமாளி ஆகிவிடுவான். அதனால் சட்டம் போட்டு எல்லோரிடமும் பிடிக்கிறார்கள். கடலையின் தேசியப் பிடித்தத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை 'தொடரலாமா' என்று விவசாயிகளிடமே வாக்கெடுப்பும் நடக்கும்.

சண்டை இல்லாமல் இல்லை. 'என் காசில் எனக்குப் பிடிக்காத விளம்பரமா?' என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2001-ல் காளான் வழக்கில் கட்டாய விளம்பரப் பிடித்தம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2005-ல் மாட்டிறைச்சி வழக்கில், அந்த விளம்பரம் அரசின் பேச்சுதான், அதனால் செல்லும் என்றார்கள். விளம்பர விஷயத்தில் என் அனுதாபம் வழக்குப் போட்டவர்கள் பக்கம். ஆராய்ச்சி வேறு கதை.

கடலை என்றால் அங்கே பள்ளிக்கூடங்களுக்கே பயம், ஒவ்வாமை காரணமாக. ஒரு வியாபாரி இதை மூடி மறைக்கத்தான் பார்ப்பான். கடலை விவசாயிகள் ஒவ்வாமை ஆராய்ச்சிக்கே காசு கொடுத்தார்கள். மூன்று வயது வரை கடலையே காட்டாதீர்கள் என்று 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்குச் சொல்லியிருந்தது. லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்த 'லீப்' ஆய்வு 2015-ல் அதைத் தலைகீழாக்கியது. சின்ன வயதிலேயே கடலை கலந்த உணவு கொடுத்த குழந்தைகளிடம் ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவு. செலவில் பெரும்பங்கு அமெரிக்க அரசு நிறுவனத்துடையது, தேசியக் கடலை வாரியமும் ஒரு பங்கு கொடுத்தது. 2017-ல் அமெரிக்க வழிகாட்டுதலே மாறிவிட்டது. இந்த மாதிரி காரியத்தை எந்த விளம்பரம் செய்யும்?

நம் நாட்டில் இது நடக்கவே இல்லையா என்றால், நடந்தது. 1946-லேயே எண்ணெய் வித்துக்குழுச் சட்டம் போட்டு, ஆலையில் ஆட்டும் வித்துக்கு வரி வாங்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். பருத்திக்கு அதற்கும் முன்னால், 1923-ல். 1960-களின் நடுவில் இந்தக் குழுக்களைக் கலைத்து எல்லாவற்றையும் மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.ஏ.ஆர். கீழ் கொண்டுபோனார்கள். வரி மட்டும் 2006 வரை ஓடியது. நாமக்கல்காரர்களுக்கு முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் தூர்தர்ஷன் விளம்பரம் ஞாபகம் இருக்கும், அது 1982-ல் பண்ணையாளர்கள் சேர்ந்து ஆரம்பித்தது.

எனக்கு மறக்காதது காசு அல்ல, குளிர்காலக் கூட்டம். நிதி கேட்கிற ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேச வேண்டும். முன்வரிசையில் தொப்பி போட்ட விவசாயிகள். முதல் வருடம் நான் இலைப்பேன் பரப்பும் வாடல் வைரஸ் பற்றி பதினைந்து படங்கள் தயார் செய்துகொண்டு போனேன். நான்காவது படத்திலேயே ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "நல்லா இருக்கு தம்பி. ஏப்ரல் கடைசியில விதைச்சா உன் ரகம் தாங்குமா, இல்ல மே வரைக்கும் நான் காத்திருக்கணுமா?" (அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான், எனக்கு இப்படித்தான் காதில் விழுந்தது.) சீக்கிரம் விதைத்தால் அந்த நோய் அதிகம் தாக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். என் படங்களில் விதைப்புத் தேதியே இல்லை. அடுத்த வருடம் நாலு தேதியில் விதைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொல்லையில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். விருத்தாசலத்திலேயே கடலைக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர் போடுவதே அங்கே வந்த ரகம்தான். கை நிற்காமல் கேட்டார்: "பிடிச்சா பிடிச்சிக்கிட்டுப் போறான். அந்த ஆளு மாதிரி கைதூக்கிக் கேக்க எனக்கு ஒரு நாற்காலி போடுவானாடா?"