மணவாளன் வரத் தாமதித்தபோது: கேள்வி பதில்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்குவதால், இந்த முறை ஆண்டவருடைய இரண்டாம் வருகையைப் பற்றி மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

ஐயா, யூதர்களின் அடுத்த எக்காளப் பண்டிகையன்று சபை, அதாவது விசுவாசிகள் எல்லாரும், வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று கணக்குப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பத்துப் பேருக்கு அனுப்பவும் சொல்கிறார்கள். நம்பலாமா?

வேண்டாம் தம்பி. அனுப்பவும் வேண்டாம். இது பழைய கணக்கு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் 8:14-ல் வரும் 2300 நாளை வருஷமாக எடுத்துக்கொண்டு, கி.மு. 457-லிருந்து கூட்டிப் பார்த்தார். அவர் பின்னால் போனவர்கள் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. 23-ம் தேதி வழக்கம்போல விடிந்தது.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு, மலையாளத்தில் அருமையான கீர்த்தனைகள் எழுதியவர், ஆண்டவர் 1881-ல் வருவார் என்று கேரளத்தில் அறிவித்தார். 2011-ல் அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் மே 21 என்றார். தப்பியதும் அக்டோபர் 21 என்றார். மறு வருஷம், தான் அப்படிச் சொன்னது பாவம் என்று ஒத்துக்கொண்டார். அதற்காக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை. நாள் குறித்த மற்றவர்கள் எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள்?

தூதர்களுக்கே தெரியாது என்று மத்தேயு 24:36 சொல்கிறது. வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அண்ணா, சின்ன வயதில் பள்ளி விட்டு வந்து வீட்டில் யாரும் இல்லையென்றால், எல்லாரும் போய்விட்டார்கள், நான் கைவிடப்பட்டேன் என்று அழுவேன். இன்றும் 'வருகை' என்றாலே பயம்தான்.

நானும் அழுதவன்தான். அடுப்பில் பாதி வெந்த சோறு, கொடியில் அம்மாவின் சேலை, ஆள் இல்லை. எதிர்வீட்டுக்கு ஓடுவேன். அந்தப் பாட்டி அவ்வளவு பக்தி. அவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தால் எனக்கு உயிர் வரும். அம்மா குழாயடியில் இருந்திருப்பார்.

1 தெசலோனிக்கேயர் 4:17-ல் 'எதிர்கொண்டுபோக' என்று இருக்கிறதே, அதற்கான கிரேக்கச் சொல், பெரியவர் ஒருவர் ஊருக்கு வரும்போது ஜனங்கள் வெளியே போய் அழைத்து வருவதற்குப் புழங்கிய சொல். பவுல் ரோமாபுரிக்கு வந்தபோது சகோதரர்கள் மூன்று சத்திரம்வரை போனார்களே (அப்போஸ்தலர் 28:15), அங்கேயும் அதே சொல்தான். நம்மூர் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. ஊர் எல்லையில் மேளத்தோடு நிற்கிறவன் ஏன் நடுங்க வேண்டும்? 'திருடனைப்போல' என்றும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த அதிகாரத்தில், நீங்கள் இருளில் இருக்கிறவர்கள் அல்ல என்று பவுலே சொல்லிவிடுகிறார்.

இரகசிய வருகை, பகிரங்க வருகை என்று இரண்டு உண்டா?

முதலில் விசுவாசிகளை இரகசியமாக எடுத்துக்கொள்ள, பிறகு எல்லாரும் காண என்று இரண்டு கட்டமாகப் பிரித்துச் சொல்லும் போதனை 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வழியாகப் பரவியது. பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகள் பல அப்படிப் போதிக்கின்றன. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் பொதுவாக ஒரே வருகை என்கின்றன. நான் ஒரே வருகைப் பக்கம். இதற்காக யாரோடும் பேச்சை முறித்துக்கொள்ள மாட்டேன்.

என் மகன், 'இயேசு சீக்கிரம் வரப்போகிறார், வேலை எதற்கு' என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்கிற 2 தெசலோனிக்கேயர் 3:10-ஐ வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் ஒரு வேளை சோற்றை நிறுத்திப் பாருங்கள்.

நர்ஸாக இருக்கிறேன் அண்ணா. ராத்திரி டியூட்டி முடித்து வந்து, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைக் குளிப்பாட்டிவிட்டு ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். புத்தியில்லாத கன்னிகைகளில் நானும் ஒருத்தியா?

மத்தேயு 25:5-ஐ இன்னொரு தரம் பாருங்கள் அக்கா. இயேசு சொன்ன உவமையில், மணவாளன் வரத் தாமதித்தபோது விளக்கோடு காத்திருந்த கன்னிகைகள் பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்துத்தான். மணவாளன் வந்து, ஏன் தூங்கினீர்கள் என்று யாரையும் கேட்கவில்லை. புத்தியில்லாத ஐந்து பேர் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோகவில்லை, குறை அந்த எண்ணெயில்தான் இருந்தது. எண்ணெய் என்றால் பரிசுத்த ஆவி என்று பலர் விளக்குவார்கள், சரிதான். ஆனால் அதே அதிகாரத்தின் கடைசிவரை வாசித்தால், 'வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்' என்று ராஜா சொல்வதும் வரும். மாமியாரைக் குளிப்பாட்டிய கை உங்களுடையது. பேசாமல் கொஞ்ச நேரம் படுத்துத் தூங்குங்கள்.