செலெப்ரெக்ஸா, செலெக்ஸாவா?

வணக்கம் அக்கா. பெங்களூரில் பிடிஎம் லேஅவுட்டில் பிஜியில் தங்கி மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்குப் போகிறேன். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்யும் டிக்டேஷனைக் கேட்டு டைப் செய்ய வேண்டும், ராத்திரி ஷிஃப்ட். மற்றதெல்லாம் பழகிவிட்டது, மருந்துப் பெயர்தான் உயிரை வாங்குகிறது. நேற்று ஒரு ஃபைலில் ‘செலெ’ என்று ஆரம்பித்த பெயர் கதவு சாத்தும் சத்தத்தில் அமுங்கிவிட்டது. நோயாளிக்கு மூட்டுவலியும் உண்டு, டிப்ரெஷனும் உண்டு. செலெப்ரெக்ஸா, செலெக்ஸாவா? டோஸ் 20ஆ, 200ஆ என்பதும் தெளிவில்லை. ப்ளாங்க் விட்டால் டீம் லீட் முகம் சுளிக்கிறார். கூகுளில் தேடினால் குழப்பம் கூடுகிறது. அந்தத் துண்டு ஆடியோவை வாட்ஸாப் குழுவில் தோழிகளிடம் போட்டுக் கேட்கலாமா? (பெயர் வேண்டாம்.)

வணக்கம்.

முதலில், உங்கள் காதைச் சந்தேகப்படாதீர்கள். இது பேர்போன ஜோடி: செலெப்ரெக்ஸ் மூட்டுவலிக்கு, செலெக்ஸா டிப்ரெஷனுக்கு. இரண்டுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1998இல்தான், போதாக்குறைக்கு வலிப்புக்கான செரிபிக்ஸ் வேறு அதற்கு முன்பே இருந்தது. லோசெக் என்ற அல்சர் மருந்து, நீர் பிரிய வைக்கும் லேசிக்ஸோடு குழம்பியதால் 1990இல் ப்ரைலோசெக் ஆனது. டிப்ரெஷனுக்கான ப்ரின்டெல்லிக்ஸ், ரத்தம் உறையாமல் தடுக்கும் ப்ரிலின்டாவோடு குழம்பி 2016இல் ட்ரின்டெல்லிக்ஸ் ஆனது. கம்பெனியே பெயரை மாற்றும் அளவுக்கு டாக்டர்களும் ஃபார்மசிக்காரர்களும் தடுமாறியிருக்கிறார்கள், நீங்கள் ஹெட்ஃபோனில் கேட்டுத் தடுமாறுவதில் என்ன ஆச்சரியம்.

உங்கள் ஃபைலுக்கு வருவோம். நோயை வைத்து முடிவுசெய்ய முடியாது, இரண்டு நோயும் இருக்கிறதே. டோஸ் உதவும்: செலெக்ஸா மாத்திரை 10, 20, 40 மில்லிகிராமில் வருகிறது, செலெப்ரெக்ஸ் 50, 100, 200, 400இல். ஆக 20தான் என்று உறுதியானால் செலெக்ஸா, 200 என்றால் செலெப்ரெக்ஸ். ‘பிஐடி’, அதாவது தினம் இரண்டு வேளை, என்று காதில் விழுந்ததா? செலெக்ஸா வழக்கமாக ஒரு வேளைதான், அதனால் அதுவும் ஒரு தடயம். அப்புறம் அழுத்தம். செலெப்ரெக்ஸில் முதல் அசையை அழுத்துவார்கள், செலெக்ஸாவில் இரண்டாவதை. மெய்யெழுத்தெல்லாம் சத்தத்தில் கரைந்துபோனாலும் அந்த ஏற்ற இறக்கம் பல நேரம் மிஞ்சும். வேகத்தை ரொம்பக் குறைத்துக் கேட்டால் அதுவும் இழுபட்டுக் கெட்டுவிடும். சாதாரண வேகத்தில், ஒரு வாக்கியம் முன்னாலிருந்து ஓடவிடுங்கள். அதற்கும் முன்னால் ஃபைலை முழுசாக முடித்துவிடுங்கள், பட்டியலில் முணுமுணுத்த மருந்தை டாக்டர் கடைசியில் ‘ப்ளான்’ பகுதியில் தெளிவாகச் சொல்வது அடிக்கடி நடப்பதுதான்.

எண்ணே மருந்தைக் காட்டிக்கொடுக்கும் இடங்களும் உண்டு. 88, 112, 137 மைக்ரோகிராம் என்று கேட்டால் பெயர் பாதி விழுங்கப்பட்டிருந்தாலும் தைராய்டுக்கான லெவோதைராக்ஸின் என்றே தேட ஆரம்பிக்கலாம். க்ளோனிடின் 0.1, 0.2, 0.3 மில்லிகிராமில் வரும், அதே மாதிரி ஒலிக்கும் க்ளோனோபின் 0.5, 1, 2இல்.

ஆனால் இந்த வித்தை கைவிடும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஹைட்ராக்ஸிஸின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும், ஹைட்ரலஸின் ரத்த அழுத்தத்துக்கு. இரண்டிலும் 10, 25, 50 மில்லிகிராம் உண்டு. சரி, நோயைப் பார்ப்போம் என்றால், டயாலிசிஸ் நோயாளிக்கு அரிப்பும் இருக்கும், ரத்த அழுத்தமும் இருக்கும். அங்கே நடுவில் இருக்கும் ஒலி கேட்கவில்லை என்றால் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் ப்ளாங்க்தான். காதில் பாதியாவது விழுந்த பெயரைச் சரிபார்க்கத்தான் டோஸும் நோயும் உதவும், விழாத பெயரை அவற்றை வைத்து உருவாக்கக் கூடாது.

கூகுள் குழப்புவதற்குக் காரணம், இங்கே உட்கார்ந்து தேடும்போது இந்திய பிராண்டுகள் வந்து குவிவது. நமக்கு பாராசிட்டமால், சால்புடமால்; அவர்களுக்கு அசிடமினோஃபென், அல்ப்யூடெரால். அமெரிக்க அரசின் டெய்லிமெட் தளத்தில் தேடுங்கள், அங்கே விற்கும் மருந்துகளின் லேபிள்கள் டோஸோடு இருக்கின்றன. எழுத்தை மாற்றியும் தேட வேண்டும். அமெரிக்கர்கள் வாயில் நடுவில் வரும் ‘ட’ மென்மையாகி கெட்டமின் ‘கெடமின்’ மாதிரி விழும், ஜரெல்டோவை ‘Z’ எழுத்தில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது, அது ‘X’ எழுத்தில் ஆரம்பிக்கிறது.

டீம் லீட் விஷயம். ப்ளாங்க்கை எண்ணி மதிப்பெண் குறைக்கும் ஆபீஸ், பிள்ளைகளை ஊகிக்கப் பழக்குகிறது என்பது என் கருத்து. ப்ளாங்க்கைப் பார்த்தால் டாக்டர் நிரப்புவார். சுத்தமான ஸ்பெல்லிங்கில் தப்பான மருந்து நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கையெழுத்தாகிப் போய்விடும். இப்போது பேச்சைக் கேட்டு மெஷின் தானே எழுதித் தரும் டிராஃப்டிலும் இதே ஆபத்துதான், எதையாவது போட்டு நிரப்பிவிடுகிறது.

ஆனால் வெறும் கோடு போட்டுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போனால் லீட் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. ஆடியோவில் எந்த நிமிடம், எந்த நொடி, ‘செலெ’ என்று தொடங்குகிறது, செலெக்ஸாவோ செலெப்ரெக்ஸோ, டோஸ் 20 அல்லது 200, இரண்டு நோயும் இருக்கிறது என்று குறிப்பெழுதி, ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் க்யூஏவுக்கு அனுப்புங்கள். அதே நோயாளியின் பழைய ரிப்போர்ட்டைப் பார்க்க அனுமதி இருந்தால் பாருங்கள், ஆனால் அதில் இருக்கிறது என்பதற்காக மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள், மருந்தை மாற்றியிருக்கலாம்.

வாட்ஸாப் வேண்டவே வேண்டாம். நோயாளியின் பெயர் இல்லாத துண்டுதானே என்று தோன்றும், ஆனாலும் அது ஒருவரின் மருத்துவக் குறிப்பு, நோயாளியின் தகவலைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் அமெரிக்காவில் இருக்கிறது, வேலையும் போகும். பக்கத்து சீட்டில் அதே அக்கவுன்ட்டில் வேலை பார்க்கும் ஆளிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள், சொன்னால் அவருக்கும் அதுதான் கேட்கும்.